கோழியைத் தூக்கியது கயோட்டிதானா? முதலில் அதைப் பாருங்கள்

கேள்வி: டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினுக்கு வடக்கே புறநகரில் இருக்கிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் கிரீன்பெல்ட், கட்டடம் கட்டாமல் விட்டிருக்கும் காட்டுப்பகுதி. எட்டுக் கோழி வளர்த்தோம், இப்போதுதான் முட்டை வைக்க ஆரம்பித்தன. இரண்டு வாரத்தில் மூன்று போய்விட்டன. இரவெல்லாம் கயோட்டி (நரி மாதிரி ஒரு காட்டு விலங்கு) ஊளையிடுகிறது. பிள்ளைகள் அழுகிறார்கள். சுடலாமா, பொறி வைக்கலாமா, வேறு என்ன செய்வது?

பதில்:

மூன்றும் போனது பகலிலா, இரவிலா? கூண்டுக்குள் இருந்தபோதா, வெளியே மேய்ந்துகொண்டிருந்தபோதா? காலையில் போய்ப் பார்த்தபோது இறகு மட்டும் கிடந்ததா, உடல் கிடந்ததா, எதுவுமே இல்லையா? நீங்கள் செய்யவேண்டிய வேலை முழுக்க இந்த மூன்று கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. ஊளை கேட்கிறது என்பதால் கயோட்டி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தப் பக்கம் கயோட்டி ஊளையிடாத இரவே கிடையாது. ஆனால் இரவில் கூண்டுக் கதவைத் திறந்து உள்ளே போவது பெரும்பாலும் ரக்கூன், முகமூடி போட்டது போல முகமும் கை போன்ற முன்காலும் உள்ள விலங்கு.

நானும் இதே சுண்ணாம்புப் பாறை நிலத்தில்தான் பதினோரு வருடமாகக் கோழி வளர்க்கிறேன். முதல் வருடம் ஒரே இரவில் நான்கு கோழியைப் பறிகொடுத்தேன். காலையில் போனால் கூண்டுக் கதவு ஒரு சாண் திறந்து கிடக்கிறது. இரண்டு கோழி உள்ளேயே செத்துக் கிடந்தன, தலையும் இரைப்பையும் மட்டும் இல்லை. மற்ற இரண்டு வேலி ஓரத்தில். கயோட்டிதான் என்று எனக்கு ஒரே ஆத்திரம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் கதவுக்குக் கீழே ஈரமண்ணில் அந்தத் தடம் தெரிந்தது. ஐந்து விரல், நீள நீளமாக, விரிந்து. ஒரு வயதுக் குழந்தை மண்ணில் கையை ஊன்றி எடுத்தது போலவே இருந்தது. கயோட்டியின் தடம் அப்படி இருக்காது. நாயின் தடம் போல நான்கு விரல், முன்னால் நகம் பதிந்திருக்கும், நாயைவிடக் கொஞ்சம் ஒடுங்கி நீண்டிருக்கும். நான் போட்டிருந்த தாழ்ப்பாள் வெறும் கொக்கியும் வளையமும். ரக்கூனுக்கு அது ஒரு நிமிட வேலை. கையால் துழாவி, தூக்கி, இழுத்துத் திறந்துவிடும்.

தடயத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம் இல்லை. கோழியே காணோம், ஒரு கைப்பிடி இறகு ஓரிடத்தில், அங்கிருந்து வேலிப்பக்கம் இரண்டு மூன்று இறகு சிதறியிருக்கிறது என்றால் கயோட்டியோ நரியோ பாப்கேட் என்கிற குட்டை வால் காட்டுப்பூனையோ. இவை மூன்றும் கவ்விக்கொண்டு ஓடிவிடும், அங்கேயே உட்கார்ந்து தின்னாது. பல கோழிகள் கடித்துக் குதறப்பட்டு, தின்னப்படாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தால் அது நாய். பக்கத்து வீட்டு வளர்ப்பு நாயாகவே இருக்கலாம். வீட்டுக் கோழிக்கு நாயால் வரும் சேதத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் நான் பார்த்த மோசமான சேதங்களில் பாதிக்குமேல் நாய் செய்தவை. பகலில், திறந்த இடத்தில், வட்டமாகப் பிடுங்கிப்போட்ட இறகுக் குவியலும் மார்புக்கறி தின்னப்பட்ட உடலும் கிடந்தால் பருந்து வகை. இரவு மரத்தில் அடைந்த கோழியின் தலை மட்டும் போயிருந்தால் கொம்பு ஆந்தையைச் சந்தேகப்படலாம். கம்பி வலையை ஒட்டி, தலையோ காலோ இல்லாத உடல் உள்ளே கிடந்தால் ரக்கூன் வெளியிலிருந்தே கையை விட்டு இழுத்திருக்கிறது.

பாம்பின் தடயம் தனி. முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால், இங்கே பெரும்பாலும் எலிப்பாம்புதான், நம்ம ஊர் சாரைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. விஷமில்லாதது. குஞ்சு ஒன்று செத்துக் கிடக்கிறது, காயமே இல்லை, ஆனால் தலையும் கழுத்தும் ஈரமாகி இறகு ஒட்டிப்போயிருக்கிறது என்றால், பாம்பு விழுங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் விட்டுப் போயிருக்கிறது. முதல் தடவை இதைப் பார்ப்பவர்கள் ஏதோ நோய் என்று பயந்துபோவார்கள்.

சரி, யார் என்று ஓரளவு தெரிந்துவிட்டது. அப்புறம் இரவையும் பகலையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவுக்கு வேண்டியது பூட்டிய வீடு. பகலுக்கு வேண்டியது வேலியும் கண்காணிப்பும். இரண்டையும் ஒரே கம்பி வலையால் சமாளிக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

முதலில் இரவு. கோழி இருட்டில் குருடு மாதிரிதான். பரணில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஓடாது, கத்தக்கூடச் செய்யாது, கையில் எடுத்தாலும் சும்மா இருக்கும். அதனால் இரவில் அதன் உயிர் முழுக்க நாம் கட்டும் கூண்டை நம்பித்தான் இருக்கிறது. கடையில் 'சிக்கன் வயர்' என்று விற்கிற அறுகோணக் கண் வலையை அந்தக் கூண்டுக்குப் போடாதீர்கள். அது கோழியை உள்ளே வைத்திருக்கும், வெளியே இருப்பதைத் தடுக்காது. ரக்கூன் கையாலும், நாய் பல்லாலும் கிழித்துவிடும். வாங்கவேண்டியது 'ஹார்டுவேர் கிளாத்' என்கிற சதுரக் கண் பற்றவைத்த வலை. அரை அங்குலக் கண், 19 கேஜ் கம்பி. விலை கூடத்தான், ஒரு சுருள் வாங்கும்போது மனசு கொஞ்சம் தயங்கும். வாங்கிவிடுங்கள். அதை ஸ்டேபிள் மட்டும் அடித்து நிறுத்தாதீர்கள், பிடித்து இழுத்தால் ஸ்டேபிள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அரையடிக்கு ஒன்றாக ஸ்க்ரூவும் அகலமான வாஷரும் போட்டு முடுக்குங்கள். காற்றுக்கு விட்ட ஜன்னல், கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு, முட்டைப் பெட்டியின் மூடி, எல்லாவற்றையும் பாருங்கள். இரவில் கூண்டுக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வெளியே வந்து சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற ஒவ்வொரு இடமும் ஒரு வழி.

தாழ்ப்பாள் இரண்டு அசைவு கேட்பதாக இருக்கவேண்டும். அமுக்கிக்கொண்டே இழுக்கிற மாதிரி, அல்லது சாதாரணத் தாழ்ப்பாளின் ஓட்டையில் ஒரு கேரபைனர் கொக்கியை (மலையேறுபவர்கள் கயிற்றில் மாட்டும், அமுக்கினால் திறக்கும் வளையம்) மாட்டிவிடுங்கள். முட்டைப் பெட்டி மூடிக்கும் அதே போல. அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

தோண்டுவதைத் தடுப்பதற்கு எல்லாப் புத்தகத்திலும் வலையை ஒரு அடிக்குமேல் ஆழமாகப் புதைக்கச் சொல்வார்கள். நம் பக்கத்தில் கடப்பாரையை எடுத்துப் பாருங்கள், நாலு அங்குலத்தில் சுண்ணாம்புக்கல் 'டங்' என்று அடிக்கும். கவலைப்படவேண்டாம், புதைக்கத் தேவையே இல்லை. இரண்டடி அகல வலையைக் கூண்டின் சுவரடியில் கட்டி, வெளிப்பக்கமாகத் தரையில் பாய் விரிப்பது போல விரித்து, அங்கங்கே ஆணி அல்லது கல்லால் அழுத்திவிடுங்கள். இரண்டு மாதத்தில் புல் வளர்ந்து மூடிவிடும். கயோட்டியாகட்டும் நாயாகட்டும், சுவரை ஒட்டித்தான் தோண்டும். வலை தட்டுப்பட்டதும் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பிறாண்டும். இரண்டடி பின்னால் போய்த் தொடங்கலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. என் கூண்டைச் சுற்றி இப்படிப் பிறாண்டிய இடங்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பார்க்கிறேன், ஒன்றும் உள்ளே வந்ததில்லை.

கதவை அந்தி சாய்ந்ததும் அடைப்பதும் விடிந்ததும் திறப்பதும் தினசரி வேலை. ஒரு நாள் தாமதமானால் அந்த ஒரு நாளில்தான் கோழி போகும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் தானியங்கிக் கதவு வாங்குங்கள். வெளிச்சம் பார்த்து மூடுகிறது, நேரம் வைத்து மூடுகிறது என்று இரண்டு வகை உண்டு. எதுவானாலும் இருட்டி அரைமணி கழித்து மூடும்படி வையுங்கள், சோம்பேறிக் கோழி ஒன்று எப்போதும் கடைசியாக வரும். கதவு மூடிய பிறகு டார்ச் அடித்து எண்ணிக்கை பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் அம்மா ஊரில் பஞ்சாரத்தைக் கவிழ்க்குமுன் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எண்ணுவார்கள். மெஷின் கதவை மூடும், வெளியே நின்றுவிட்ட கோழியை அது எண்ணாது.

இப்போது பகல். இங்கேதான் கயோட்டி நிஜமாகவே வருகிறது. பத்து முதல் பதினாறு கிலோ எடை, நம்ம ஊர் நரியைவிடக் கொஞ்சம் பெரிது. விடியலிலும் அந்தியிலும் அதிகம், ஆனால் குட்டிக்கு இரை தேடும் மாதங்களில் நடுப்பகலிலும் வரும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் இணை சேரும், அறுபத்து மூன்று நாள் போல சினை, ஏப்ரல் மே வாக்கில் குட்டி. அதனால் வசந்தமும் கோடையும்தான் தொல்லை கூடும் காலம். இலையுதிர்காலத்தில் வளர்ந்த குட்டிகள் புது இடம் தேடிக் கிளம்பும்போது இன்னொரு சுற்று. இந்த இரண்டு காலத்திலாவது கோழியை ஆள் இல்லாமல் வெளியே விடாதீர்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது ஆறடி மரவேலியாகத்தான் இருக்கும். அது கயோட்டிக்கு வேலி இல்லை. ஓடிவந்து முன்காலை மேலே போட்டு, பின்காலால் உந்தி ஏறிவிடும். குறுக்குச் சட்டம் கிரீன்பெல்ட் பக்கம் இருந்தால் அது ஏணி வைத்துக் கொடுத்தது போல. வேலியின் மேல் விளிம்பில் உருளும் குழாய் போடலாம், 'கயோட்டி ரோலர்' என்று கிடைக்கும். கால் வைத்ததும் உருண்டு பிடி விட்டுப்போகும். ஆனால் வேலி முழுவதும் போட்டால்தான் பயன், ஒரு மூலை விட்டாலும் அந்த மூலையைக் கண்டுபிடித்துவிடும். வேலியை ஒட்டி விறகுக் குவியலோ குப்பைத் தொட்டியோ இருந்தால் நகர்த்துங்கள்.

அதைவிட நல்லது, கூண்டோடு சேர்த்துக் கூரை போட்ட ஒரு ஓட்டக்கொட்டகை. எட்டுக் கோழிக்கு எண்பது நூறு சதுர அடி போதும். நான்கு பக்கமும் மேலேயும் வலை, கீழே அந்தப் பாய் மாதிரி விரிப்பு. வேலைக்குப் போகும் நாளில் கோழி அதற்குள் இருக்கட்டும். மாலை நீங்கள் காப்பியோடு வெளியே உட்காரும் ஒரு மணி நேரம் புல்லில் விடுங்கள். முழுநாள் சுதந்திரமாக மேயவேண்டும் என்பது நல்ல ஆசைதான், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் கிரீன்பெல்டை ஒட்டிய மனையில் அந்த ஆசைக்கு மாதம் ஒரு கோழி விலை.

நிலம் பெரிதாக இருப்பவர்களுக்கு மின்வலை, அதாவது மின்சாரம் பாயும் வலைவேலி, நல்ல வழி. நாலடி உயரம், தூக்கி நகர்த்திக்கொள்ளலாம். கயோட்டி எதையும் முதலில் மூக்கால்தான் தொட்டுப் பார்க்கும். ஈர மூக்கில் ஒரு தடவை அடித்தால் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். நான் இதில் ஒரு கோடை முழுக்க ஏமாந்தேன். வலை சரி, அதற்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி சரி, மீட்டரில் நாலாயிரம் வோல்ட்டுக்குமேல் காட்டுகிறது, ஆனாலும் ஒரு நாள் என் கண்முன்னாலேயே ஒரு கயோட்டி வலையைத் தொட்டுவிட்டுச் சாதாரணமாக நின்றது. காரணம் மண். மின்சாரம் விலங்கின் உடல் வழியாகத் தரையில் இறங்கி, தரை வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் அடி விழும். ஆகஸ்ட் மாதத்தில் நம் பாறைமண் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும், மின்சாரம் அதில் ஓடாது. இந்தப் பக்கத்துக்கு ஒரு இழை விட்டு ஒரு இழை தரையிணைப்பாக வரும் வலையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு இழையையும் ஒன்றாகத் தொட்டாலே அடிக்கும், மண்ணை நம்பவேண்டியதில்லை. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலும் சக்தி கசிந்துபோகும், வாரம் ஒரு முறை அடியில் வெட்டிவிடுங்கள்.

பருந்துக்கு வேலி பயன்படாது. மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறோ மீன்பிடி நரம்போ கட்டினால் கீழிறங்கும் பாதை உடையும். அதைவிட, ஓடி ஒளிய இடம் முக்கியம். நாலு புதர், ஒரு பழைய மேசை, சாய்த்துவைத்த ஒரு பலகை. கோழிக்கு வானத்து எதிரிக்கு ஒரு குரல், தரை எதிரிக்கு வேறு குரல் உண்டு. சேவல் இருந்தால் அதுதான் முதலில் கொடுக்கும். வானத்தைப் பார்த்து மெல்லிசாக இழுத்து ஒரு சத்தம், அடுத்த நொடி ஒரு கோழி வெளியே இருக்காது. தரையில் நாயோ நரியோ என்றால் கொக் கொக் கொக் என்று விடாமல் கத்தும். இந்த இரண்டையும் காது பழகிக்கொண்டால் சமையலறையில் இருந்தே உங்களுக்குத் தெரியும். நகர எல்லைக்குள் சேவலுக்கு அனுமதி உண்டா என்று உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பருந்தையோ ஆந்தையையோ சுடுவதும் பிடிப்பதும் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டப்படி கூட்டாட்சிக் குற்றம். கோழியைத் தின்றது என்பது சாக்காகாது.

கிரேட் பிரனீஸ் போன்ற காவல் நாய் பற்றியும் சிலர் சொல்வார்கள். அருமையான நாய். ஆனால் ஒன்றரை இரண்டு வயதாகும் வரை கோழியோடு நம்பி விடமுடியாது, இரவெல்லாம் குரைப்பதுதான் அதன் வேலை. கால் ஏக்கர் மனையில், ஜன்னலுக்கு ஜன்னல் பார்க்கும் தெருவில் அது நாய்க்கும் கஷ்டம், அண்டை வீட்டாருக்கும் கஷ்டம். கண்சிமிட்டும் சிவப்பு விளக்கு, ரேடியோ, அசைவு கண்டு தண்ணீர் அடிக்கும் கருவி எல்லாம் இரண்டு வாரம் வேலை செய்யும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் இரண்டு வாரம். அவற்றை நம்பிக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கவேண்டாம்.

சரி, சுடலாமா, பொறி வைக்கலாமா என்று கேட்டீர்கள். கோபம் புரிகிறது. பிள்ளைகள் பேர் வைத்து வளர்த்த கோழி. ஆனால் அதனால் உங்கள் கோழி பிழைக்காது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். புறநகர்த் தெருவில் துப்பாக்கி வெடிப்பது சட்டச் சிக்கல், ஆபத்தும்கூட. விஷம் பக்கத்து வீட்டு நாயைக் கொல்லும், செத்த எலியைத் தின்ற ஆந்தையைக் கொல்லும். பொறியில் பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விடலாம் என்றால், டெக்சஸில் வெறிநோய்த் தடுப்பு விதிப்படி கயோட்டி, நரி, ரக்கூன் மூன்றையும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. அந்த விதிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1988 வாக்கில் தெற்கு டெக்சஸில் நாய்வகை வெறிநோய் கயோட்டிகளிடையே பரவத் தொடங்கியது. 1995 முதல் மாநில அரசு விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரையைக் காட்டில் தூவித்தான் அதை ஒழித்தது. அப்படி ஒழித்ததை ஒரு பொறிக்கூண்டும் ஒரு பிக்கப் வண்டியும் மறுபடி கிளப்பிவிடக்கூடாது.

கொல்வதால் குறையுமா என்பதற்கு இந்த நாடே சாட்சி. கூட்டாட்சி அரசின் வனவிலங்குச் சேவை பல ஆண்டுகளில், ஒரே ஆண்டில் மட்டும் 60,000-க்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. ஒரு காலத்தில் மேற்குப் புல்வெளியில் மட்டும் இருந்த விலங்கு இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் இருக்கிறது. ஓநாயை ஒழித்ததும் அதன் இடத்துக்கு இது வந்தது. ஒரு சோடியைச் சுட்டால் அந்த எல்லை காலியாகிறது, சில வாரத்தில் அடுத்தது வந்து உட்காரும். அதற்கு உங்கள் கூண்டு புதிது, எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்துப் பார்க்கும். மின்வலையில் ஒரு முறை அடிபட்ட பழைய கயோட்டி உங்கள் வேலிப்பக்கம் வலம் வருவதே உங்களுக்கு நல்லது. சிகாகோவைச் சுற்றி 2000-இலிருந்து நடக்கும் ஆய்வில், நகரக் கயோட்டி முக்கியமாகத் தின்பது எலி போன்ற கொறிப்பிராணிகள் என்று கண்டார்கள், அப்புறம் பழம், மான், முயல். உங்கள் தீவன மூட்டையைச் சுற்றி எலி இல்லாமல் இருப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

தீவனம் என்றதும் ஞாபகம் வருகிறது, இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். சிந்திய தீவனம் எலியைக் கூப்பிடும், எலி பாம்பையும் கயோட்டியையும் கூப்பிடும். தீவனத்தைத் தகர டிரம்மில் மூடி வையுங்கள், இரவு தீவனத்தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள். நாய்ச் சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள். செத்த கோழியை வேலிக்கு அந்தப் பக்கம் வீசாதீர்கள், அது விருந்துக்கு அழைப்பு. முட்டையைத் தினமும் மாலைக்குள் எடுத்துவிடுங்கள், பாதித் தொல்லை அதோடு போகும்.

பகலில் கயோட்டியை நேரில் பார்த்தால் ஓடாதீர்கள். கையைத் தூக்கி, ஒரு தட்டையோ சட்டியையோ தட்டி, சத்தம் போட்டுக்கொண்டே அதை நோக்கி நடங்கள். அது உங்கள் எல்லையை விட்டுப் போகும்வரை நிறுத்தாதீர்கள். பாதியில் நின்றால், நம் சத்தம் சும்மா என்று கற்றுக்கொள்ளும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், நாயைப் பார்த்து ஓடக்கூடாது என்று சொல்வதைப் போலவே.

இன்று இரவுக்கு: மிச்சமிருக்கும் ஐந்தையும் ஒரு பெரிய நாய்க்கூண்டில் போட்டு கராஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படி இருந்தால் ஒன்றும் ஆகாது, முட்டை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கோழிக்கூண்டின் கதவைப் பழையபடி மூடிவிட்டு, வாசலிலும் சுற்றியும் இரண்டடி அகலத்துக்குக் கோலப்பொடியைத் தூவுங்கள், அரிசிமாவு வேண்டாம், கல்மாவாக இருக்கட்டும், எறும்பு வராது. காலையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். நான்கு விரலும் நகமும் பதிந்திருந்தால் வேலியும் கொட்டகையும் உங்கள் முதல் வேலை. குழந்தைக் கை பதிந்திருந்தால் கடைக்குப் போய் முதலில் இரண்டு கேரபைனர் வாங்கி வாருங்கள்.